விமான வளைவும் பல்லுறுப்புக் கோவைச் சார்பும்: கங்கைகொண்ட சோழபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2007இல் தனி மாவட்டமாக நிலைபெற்ற அரியலூரில் கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ளது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய இக்கோயிலின் விமானம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல நேர்கோட்டில் குறுகாமல், உள்வளைந்து மேலெழுகிறது. இவ்வளைவு ஒரு பரவளையம் என்றும், ஆதலின் சோழர்காலச் சிற்பிகள் இருபடிச் சார்பை அறிந்திருந்தனர் என்றும் கருதத் தோன்றுவது இயல்பு. அத்தகைய கூற்றுக்கு எவ்வகைச் சான்று தேவை என்பதைப் பல்லுறுப்புக் கோவைச் சார்புகளின் இயல்பு கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

படியும் வரைபடமும்

ஒரு மாறியின் குறையற்ற முழு எண் அடுக்குகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டக் கிடைப்பது பல்லுறுப்புக் கோவை. அவற்றுள் மிகப்பெரிய அடுக்கே அதன் படி. இருபடிச் சார்பின் வரைபடம் கிடை அச்சை இரு புள்ளிகளுக்கு மேல் சந்திப்பதில்லை. முப்படிச் சார்பினது மூன்று புள்ளிகளுக்கு மேல் சந்திப்பதில்லை. திரும்பு புள்ளிகளின் எண்ணிக்கை படியைவிட ஒன்றேனும் குறைவாகவே இருக்கும். மூலத்தின் மடங்கெண் ஒற்றைப்படையாயின் வரைபடம் அச்சைக் கடந்து செல்லும். இரட்டைப்படையாயின் தொட்டுத் திரும்பும்.

வேறுபாடுகள் காட்டுவது

உயரத்தை மாறியாகவும், விமானத்தின் நடு அச்சிலிருந்து புறவிளிம்பு வரையுள்ள தொலைவைச் சார்பின் மதிப்பாகவும் கொள்ளலாம். சம இடைவெளி உயரங்களில் அத்தொலைவு ஒரே அளவாகக் குறையுமாயின் அது ஒருபடிச் சார்பு. தஞ்சை விமானத்தின் புறவடிவம் இதனை ஒத்தது.

விளக்கத்தின் பொருட்டு, உயரம் 0, 1, 2, 3 ஆகும்போது தொலைவு 16, 9, 4, 1 எனக் கொள்வோம். இவை விமானத்தின் உண்மை அளவுகள் அல்ல. முதல் வேறுபாடுகள் −7, −5, −3. இரண்டாம் வேறுபாடு மாறாமல் 2. கீழே விரைந்தும் மேலே மெதுவாகவும் குறுகும் இவ்வுள்வளைவு, நான்கிலிருந்து உயரத்தைக் கழித்து வர்க்கப்படுத்தும் இருபடிச் சார்பாகும். இதனை மேலும் நீட்டினால் 0, 1, 4 என்னும் மதிப்புகள் வரும். அதாவது, 4 என்னும் இரட்டை மூலத்தில் அச்சைத் தொட்ட வரைபடம் மீண்டும் விரிகிறது. விமானம் அவ்வாறு விரிவதில்லை. ஆகவே சார்பகத்தை வரையறுக்காமல் ஒரு கட்டடத்தைச் சார்பு எனல் பொருந்தாது.

பொருத்தமும் சான்றும்

வெவ்வேறு உயரங்களில் எடுத்த எந்த மூன்று அளவுகள் வழியாகவும், படி இரண்டுக்கு மிகாத பல்லுறுப்புக் கோவைச் சார்பு ஒன்றே ஒன்று செல்லும். பத்து அளவுகளுக்குப் படி ஒன்பதுக்கு மிகாத ஒன்று உண்டு. எனவே மூன்று தளங்களை மட்டும் அளந்து, 'இருபடிச் சார்பு பொருந்துகிறது' என முடிவு கூறினால், அம்முடிவு அளப்பதற்கு முன்பே உறுதியானது. அது விமானத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நான்காம் அளவே முதற் சோதனையாகும்.

படியைக் கூட்டுவதும் தீர்வாகாது. சம இடைவெளிப் புள்ளிகள் வழியே படியைக் கூட்டிக்கொண்டே செல்லும்போது, சில சார்புகளில் ஓரங்களை ஒட்டி அலைவு பெருகுவதைச் செருமானியக் கணித அறிஞர் கார்ல் ருங்கே 1901இல் காட்டினார். மேலும், கயிற்றின் ஒரு முனையை ஊன்றி வரையத்தக்க வட்டவில்லும் குறுகிய வீச்சில் பரவளையத்தை மிக நெருங்கி நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய, அவற்றிடையேயுள்ள விலகலைவிட அளவீட்டுப் பிழை சிறிதாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

சார்பு என்பது வளைவை விவரிக்க இன்றைய ஆய்வாளர் கையாளும் மொழி. அம்மொழி ஒரு கட்டடத்திற்குப் பொருந்துவதும், கட்டியவர் அம்மொழியை அறிந்திருந்ததும் வெவ்வேறு செய்திகள். முன்னதற்குப் படியின் தேவையினும் மிகுந்த அளவீடுகள் வேண்டும். பின்னதற்குக் கல்வெட்டு, நூல், தொழில்மரபு ஆகியவற்றிலிருந்து தனிச் சான்று வேண்டும். இவ்வேறுபாட்டைப் பெரம்பலூர், அரியலூர் மாணவர்க்குத் தம் அருகிலுள்ள விமானத்தைக் கொண்டே உணர்த்தலாம். சிற்பிகளின் திறனுக்கு இதனால் குறைவில்லை. நேர்கோட்டை விடுத்து வளைவைக் கல்லில் நிலைநிறுத்தியதே அதற்குப் போதிய சான்று.