கடற்காகத்தின் தலையில் இளவேனில்

மாசி பிறந்து வாடை தளர்ந்ததும் ஊர்காவற்றுறை இறங்குதுறைப் பக்கம் போகிறவர்கள் கடற்காகங்களின் தலையை உற்றுப் பார்க்க வேண்டும். எதிரே கடற்கோட்டை, காரைநகருக்குப் போகும் பாதை, மீன்கழிவுக்கு வட்டமிடும் வெள்ளைப் பறவைகள். அவற்றில் பல, பழுப்புத்தலைக் கடற்காகங்கள். மாரி முழுக்க அவற்றின் தலை வெள்ளைதான். நாவூறு படாமல் வைத்த பொட்டுப்போலக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும்.

மாசி, பங்குனியில் வெள்ளை இறகுகள் உதிர்ந்து பழுப்பு இறகுகள் முளைக்கின்றன. இடைப்பட்ட நாட்களில் முகம் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு முகம் முழுவதும் பழுப்பேறி, பிடரியோரம் கறுத்து, கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு எஞ்சும். போன ஆண்டு பிறந்தவற்றுக்கு இந்தக் கோலம் முழுதாக வாய்க்காது.

இது இணைதேடும் கோலம். இந்தக் கடற்காகங்கள் குஞ்சு பொரிப்பது மத்திய ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில். லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலுள்ள த்சோ மோரிரி அவற்றில் ஒன்று. சித்திரையிலும் அங்கே பனி கிடக்கும்.

அந்தப் பனி உருகப்போவது இங்கே நிற்கும் பறவைக்கு எப்படித் தெரியும்? பகல் நீள்வது ஒரு தடயம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். பறவையின் உடலுக்குள்ளேயும் ஓர் ஆண்டு மணிக்கூடு ஓடுகிறது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் 1960களில் கதிர்க்குருவிகளை மாறாத பகல் நீளத்திலும் வெப்பத்திலும் வளர்த்துப் பார்த்தார். பருவமே தெரியாத அந்தக் கூண்டிலும் அவை ஏறக்குறைய ஓர் ஆண்டுச் சுழற்சியில் இறகு மாற்றின; பறந்துபோகத் துடித்தன.

மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடல் வற்றி வெளிப்படும் சேற்றிலும் இதே அவசரம் தெரியும். சாம்பல் நிறத்தில் வந்த உள்ளான்களில் சில, வயிறு செங்கல் நிறமாகிச் சைபீரியப் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. புழுவும் சிறு இறாலும் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. கரையில் வேம்பு பூக்கிறது, குயிலின் குரலும் ஓங்குகிறது.

பயணத்துக்கான எரிபொருள் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது. பறவைக் கூட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளை விடுவதும் நாயை ஏவுவதும் அதைப் பறிப்பதாகும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முழுப் பழுப்புத் தலையோடு முதல் கடற்காகத்தைக் காணும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதைச் செய்தால், தீவகத்துக்கென்று ஒரு பருவப் பதிவேடு உருவாகும்.