குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

மார்ச் மாதம் பிறந்தால் எனக்கு மேடை கிடைத்துவிடும். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவள் நான். மகளிர் தினத்துக்குப் பேச ஆள் தேடும் பொறியியல் கல்லூரிகளுக்கு என் எண் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேடைக்குப் பின்னால் வழக்கமான பேனர்: வாளோடு வேலு நாச்சியார், குதிரையோடு ஜான்சி ராணி, ஓரத்தில் கல்பனா சாவ்லா. மூவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டுப் பெண்ணின் கவலை வேறு. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்ட் வேலை கிடைத்தால் வீட்டில் விடுவார்களா? அதனால் நான் லலிதாவைப் பற்றிப் பேசுவேன்.

அய்யலசோமயாஜுல லலிதா. இந்தியாவின் முதல் பெண் எஞ்சினியர் என்று பலரும் சொல்வது இவரைத்தான். 1919 ஆகஸ்ட் 27 அன்று மதராஸில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். ஆண்பிள்ளைகளைப் பெரிய படிப்புக்கு அனுப்பிய அதே வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு, பிறகு கல்யாணம். லலிதாவுக்கு 1934-இல் 15 வயதில் கல்யாணம். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்திருந்த காலம். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. 1937 செப்டம்பரில் பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது கணவர் இறந்துபோனார். லலிதாவுக்கு அப்போது 18.

இந்த இடத்தில் அரங்கில் ஒரு 'ச்சு' கேட்கும். நான் அங்கே நிற்பதில்லை. கொஞ்சம் கசப்பான இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும்: கணவர் உயிரோடு இருந்திருந்தால் லலிதா எஞ்சினியர் ஆகியிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. மகளைப் பதினைந்தில் கட்டிக்கொடுத்த அந்த அப்பாதான், அவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தபின் கல்லூரிக் கதவைத் தட்டினார். இரண்டும் ஒரே மனிதர். அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு மனம் வரவில்லை, குறை சொல்லவும் வரவில்லை.

முதலில் குவீன் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட், முதல் வகுப்பு. அடுத்து என்ன? அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு மருத்துவம் ஒரு வழி. முத்துலட்சுமி ரெட்டி 1912-இலேயே மருத்துவப் பட்டம் வாங்கி அந்தப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார். லலிதா அதை வேண்டாம் என்றார். டாக்டர் என்றால் நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலைதான் தனக்குச் சரி என்று நினைத்தார். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் எஞ்சினியர்கள். வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் பேச்சுதான். மின்சாரத்தின் மேல் பெருங்காதல் பிறந்து ஒன்றும் அவர் கிண்டிக்குப் போகவில்லை. நேரக் கணக்குப் போட்டுப் பார்த்துப் போனார். (பிரேக்டவுன் என்று எங்களையும் நடுராத்திரியில்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது போலும்.)

கிண்டி கல்லூரி 1794-இல் ஒரு நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பெண் வாசனையே இல்லாத இடம். சுப்பாராவ் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், மாகாணக் கல்வித்துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமிடமும் பேசினார். இருவரும் சம்மதித்தார்கள். லலிதா 1940-இல் மின் பொறியியலில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரே பெண். வகுப்பறை அவருக்குப் பெரிய சங்கடமாக இல்லை. ஹாஸ்டல் ராத்திரிகள்தான் தாங்கவில்லை. அப்பாவிடம் சொன்னார். அவர் கல்லூரியைத் தூண்டி, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்க வைத்தார். அப்படி வந்து சேர்ந்தவர்கள் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. இருவரும் கேரளத்துப் பெண்கள், இருவரும் சிவில். திரேசியா பின்னாளில், 1971-இல், கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். ஒரு பெண் ராத்திரியில் பேச்சுத்துணை இல்லை என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னாளே, கதவு அகலத் திறந்தது அதனால்தான். பொறுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவர் ஒருவரோடு போயிருக்கும்.

போர்க்காலம் என்பதால் படிப்பைச் சில மாதங்கள் சுருக்கினார்கள். மூவருமே பட்டதாரிகள் ஆனார்கள். பட்டச் சான்றிதழில் ஆணுக்கென்றே அச்சாகியிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எனக்கென்னவோ அடுத்து வருவதுதான் பெரிதாகப் படுகிறது: லலிதா பிகாரில் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி எடுத்தார். நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் இடம் அது. கரியும் கிரீஸும் சத்தமும் நிறைந்த பட்டறையில் இருபதுகளில் இருந்த ஒரு மதராஸ் விதவை நின்று வேலை பழகியிருக்கிறார்.

இந்தக் கட்டத்தில், எந்த ஊர்க் கல்லூரியானாலும், ஒரு கை உயரும்.

"மேடம், அப்போ குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க?"

மேடையில் வரும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். லலிதா ஹாஸ்டலில் இருந்த நாட்களில் குழந்தை அண்ணன் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் அம்மா வந்து பார்ப்பார். படிப்பு முடிந்து 1944-இல் சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பில் வேலை கிடைத்தது. அங்கேயும் ஓர் அண்ணன் குடும்பம் இருந்தது. இடையில் சில மாதங்கள் அப்பாவின் ஆராய்ச்சிகளுக்கு உதவினார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் ஓர் இசைக்கருவி என்று அந்த மனிதருக்குப் பலவற்றில் ஆர்வம். ஆனால் மகளைத் தனியாக வளர்க்கச் சம்பளம் வேண்டுமே. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கல்கத்தாவிலும் ஓர் அண்ணன்! ஊருக்கு ஓர் அண்ணனும், அந்த வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்ட ஓர் அண்ணியும் இருந்தார்கள். 'தனி ஒருத்தியாக நின்று சாதித்தார்' என்று எழுதுகிறவர்கள் அந்த அண்ணிமார்களைத் துடைத்துவிடுகிறார்கள்.

எனக்கு மாமியார். என் பையனுக்கு இரண்டு வயது இருக்கும்போது புயல் காலம். கம்பம் சாய்ந்து, ஃபீடர் ஃபீடராக டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. "நீ கிளம்பு, அவன் என்கூடப் படுத்துக்குவான்" என்று அத்தை சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் என் உத்தியோகம் நின்றது. பாராட்டு விழாவில் எனக்குப் போட்ட மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கழுத்தில் போட்டேன். "போடி, எனக்கு எதுக்கு" என்று திட்டினார்.

கல்கத்தாவில் லலிதா செய்த வேலை எனக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மின்கடத்தல் பாதைகளை வடிவமைப்பது, துணைமின்நிலையங்களில் எது எங்கே நிற்க வேண்டும் என்று வரைவது, பாதுகாப்புக் கருவிகளைத் தேர்வது. கடைசியாகச் சொன்னது மூளையைக் கசக்கும் வேலை. லைனில் மரக்கிளை விழுகிறது என்று வையுங்கள். ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்ல வேண்டும், கண் இமைக்கும் நேரத்துக்குள். பழுதுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கர்தான் முதலில் திறக்க வேண்டும். அது மக்கர் செய்தால் மட்டும், சற்றுத் தாமதித்து, பின்னால் இருப்பது திறக்க வேண்டும். வரிசை தப்பினால் ஒரு தெருவுக்கு மட்டும் நிற்க வேண்டிய கரண்ட் ஊருக்கே நின்றுவிடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் காகிதத்தில் போட்ட கணக்குகள் இவை. சட்லெஜ் நதியின் பக்ரா நங்கல் அணைக்கான ஜெனரேட்டர்கள் தொடர்பான பணியிலும் அவர் கை இருந்தது. அந்த அணையை 1963-இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

1953-இல் லண்டன் மின் பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினராக்கியது. 1966-இல் முழு உறுப்பினர். நடுவில், 1964 ஜூனில், நியூயார்க்கில் பெண் எஞ்சினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு. இந்தியாவிலிருந்து போன பெண் எஞ்சினியர் அவர் ஒருவர்தான். பின்னால் நின்று அனுப்பிவைக்க இங்கே அப்படி ஒரு பெண்கள் அமைப்பே கிடையாது. தனிப்பட்ட முறையில் போனார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் கணவரின் சிதையிலேயே தன்னையும் ஏற்றியிருப்பார்கள் என்று அங்கே சொன்னாராம். 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகச் செயல்பட்டார். கிண்டி ஹாஸ்டலில் துணை தேடிய அதே பெண், இப்போது நாடு முழுவதற்கும் துணை தேடினார். 1977 வரை வேலை பார்த்து, 1979-இல் 60 வயதில் காலமானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

போன மார்ச்சில் பேச்சு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மின்னியல் பிரிவுப் பெண் ஒருத்தி ஓரமாக வந்து நின்றாள். குஜராத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது; அப்பா யோசிக்கிறார் என்றாள். "லலிதா மாதிரி தைரியமா இருக்கணும்னு சொல்றீங்களா மேடம்?"

"தைரியத்தை அப்புறம் பார்த்துக்கலாம்மா. ஹாஸ்டல் தருவாங்களா, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா வண்டி உண்டா, ஏற்கெனவே எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறாங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் வேலையைக் கொடுக்க மாட்டார்களோ என்று பயம்.

"கேளு. பதிலை அப்பாகிட்ட காட்டு. மூணாவது கேள்விக்கு 'யாருமே இல்லை'ன்னு பதில் வந்தா, உன் வகுப்பில இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தோழிகள் பெயர் இரண்டைச் சொல்லி, அவர்கள் மதிப்பெண் போதுமா என்று என்னிடமே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.