குட்டிக்கு முதல் குடற்புழு மருந்து

வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்குட்டிக்குக் குடற்புழு எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குடற்புழு வகைகளில் ஒன்றான உருண்டைப்புழு, குட்டி பிறப்பதற்கு முன்பே அதனிடம் வந்துவிடுகிறது. தாய் நாயின் உடலில் உறங்கிக்கிடக்கும் இளம்புழுக்கள், சினையின் கடைசி வாரங்களில் விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குள் நுழைகின்றன. பூனைக்குட்டிக்குத் தாய்ப்பாலே வழி. அதனால்தான் நாய்க்குட்டிக்கு 2 வாரத்திலும் பூனைக்குட்டிக்கு 3 வாரத்திலும் முதல் மருந்தைத் தொடங்கி, 2 வாரத்துக்கு ஒருமுறை தொடரச் சொல்கிறார்கள். தாய்க்கும் அப்போதே கொடுக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

சரி, மலத்தில் புழுவே தெரியவில்லையே என்றால், தெரியாததுதான் ஆபத்து. உருண்டைப்புழுவின் முட்டை கண்ணுக்குப் புலப்படாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் போனால், இளம்புழு ஈரல், நுரையீரல், சில வேளை கண் வரைக்கும் செல்லும், பார்வையே பாதிக்கப்படலாம். ஒரு நல்ல செய்தி: மலத்தோடு வெளியேறிய முட்டை உடனே தொற்றாது, அதற்குச் சில வாரங்கள் தேவை. ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளி அகற்றுவது மருந்துக்கு நிகரான காவல். நாடாப்புழுவின் கதை வேறு. தெள்ளுப்பூச்சியை நாயோ பூனையோ நக்கி விழுங்கும்போது அதனோடு இந்தப் புழுவும் உள்ளே போகிறது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடியும் வரும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், குட்டியை எடைபோட்டுக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.