குஞ்சு பாடிப் பழகும்போது மூளையில் என்ன நடக்கிறது?

பறவை விற்கும் கடைகளில், செந்நிற அலகுடன் கூண்டுக்குள் துள்ளும் சின்னஞ்சிறு குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்த இந்தக் குருவிதான், குரல் வழிக் கற்றலை ஆராய்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்கிறது. சேவலுக்குக் கூவ யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஃபிஞ்சின் ஆண் குஞ்சோ தந்தை பாடுவதைக் கேட்டுத்தான் பாடக் கற்கிறது. பெண் பறவை பாடாது. பாட்டுக்கு மதிப்பெண் போடுவது மட்டும் அதன் வேலை!

பொரித்த சில வாரங்களில் தந்தையின் பாட்டு குஞ்சின் நினைவில் பதிகிறது. ஏறத்தாழ 35 நாள் வயதில் அது தானும் முணுமுணுக்கத் தொடங்கும். குழந்தையின் மழலை போல அதில் ஒழுங்கே இருக்காது. சுமார் 90 நாளில் பாட்டு நிலைபெற்றுவிடும். நல்ல பாட்டைக் கேட்டிருந்தால் மட்டும் போதுமா? போதாது. பாடத் தொடங்கும் முன் செவித்திறனை இழந்த சிட்டுகளின் பாட்டு உருக்குலைந்தே போனதை 1965-இல் மசகாசு கோனிஷி காட்டினார். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டால்தான் பாட்டு அமைகிறது.

இதற்காகப் பறவையின் மூளையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பாடும் பாதை. எச்விசி என்ற பகுதியில் உள்ள நரம்பு செல்கள் எந்த ஒலி எப்போது வரவேண்டும் என்ற வரிசையைத் தருகின்றன. அந்தக் கட்டளை ஆர்ஏ என்ற பகுதி வழியாக, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள சிரிங்ஸ் என்னும் குரல் உறுப்பை அடைகிறது. மற்றொன்று கற்கும் பாதை. ஏரியா எக்ஸ், தலாமஸ், எல்மேன் ஆகிய பகுதிகளைச் சுற்றிவந்து அதுவும் ஆர்ஏ-வில்தான் சேர்கிறது.

இதில் எல்மேன் செய்யும் வேலை விந்தையானது. அது பாட்டைக் கலைத்துவிடுகிறது! இளம் பறவையில் எல்மேனைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, தடுமாற்றம் நின்று பாட்டு ஒரே மாதிரி ஒலித்தது; 2005-இல் வெளியான ஆய்வு இது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இளம் வயதில் அந்தப் பகுதியை நிரந்தரமாக இழந்த பறவையின் பாட்டு, குறைப்பாட்டாகவே உறைந்துவிடுகிறது. மாற்றி மாற்றிப் பாடிப் பார்க்க வழியில்லை என்றால் திருந்தவும் வழியில்லை.

மாற்றிப் பாடியதில் எது சரி என்று யார் சொல்வது? இங்கேதான் டோபமைன் வருகிறது. 2016-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விக்ரம் கடக்கர், ஜெஸ்ஸி கோல்ட்பர்க் ஆகியோரின் குழு, ஃபிஞ்ச் பாடும்போது ஒரு குறிப்பிட்ட அசையின் மேல் அவ்வப்போது இரைச்சலை ஒலிக்கச் செய்தது. பாட்டு பிசகியதாகப் பறவைக்குக் கேட்டதும், ஏரியா எக்ஸுக்கு டோபமைன் அனுப்பும் செல்களின் துடிப்பு குறைந்தது. இரைச்சல் வரக்கூடிய இடத்தில் அது வராமல் அசை நன்றாகக் கேட்டபோது துடிப்பு கூடியது. பாடாமல் சும்மா இருக்கையில் ஒலித்த அதே இரைச்சலை இந்தச் செல்கள் பொருட்படுத்தவில்லை. தானியமோ வேறு பரிசோ எதுவும் தரப்படவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பாடினோமா என்பதே கணக்கு.

பெண் பறவையின் முன்னால் பாடும்போது ஆண் பறவையின் எல்மேன் அடங்கிவிடுகிறது. பாட்டு பிசிறின்றி வரும். தனியே பாடும்போது எல்மேன் மீண்டும் துடிப்பாகிறது. பாட்டு சற்றே மாறி மாறி வரும். பறவையில் கண்டதை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்துவது சரியல்ல. என்றாலும், ஆய்வு அலுவலர் வரும் நாளில் மணிமணியாக ஒப்பிக்கும் குழந்தையையும், கடைசி பெஞ்சில் தனக்குத்தானே தப்பும் தவறுமாக வாசித்துப் பார்க்கும் குழந்தையையும் எண்ணாமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

இன்னொன்று. குஞ்சுகள் முந்தைய நாள் மாலை பாடியதைவிட மறுநாள் காலையில் மோசமாகப் பாடுவதை 2005-இல் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். தூக்கத்துக்குப் பின் வரும் சறுக்கல் அது. பகலில் பழகப் பழக இழந்ததை மீட்டுக்கொள்கின்றன. காலை தோறும் அதிகமாகச் சறுக்கிய குஞ்சுகள்தான், வளர்ந்தபின் தந்தையின் பாட்டை மிக நெருக்கமாகப் பாடின.