மலையேறிய சங்கு

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதோடு மாநிலம் மாறுகிறது. இந்தப் பக்கம் அரசுப் பலகைகளில் கோபுரம். அந்தப் பக்கம் இரண்டு யானைகள், நடுவே ஒரு சங்கு. ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறும் போடிக்காரர்களுக்கு இரண்டுமே பழகிய சின்னங்கள்தான். ஆனால் கடல் எட்டாத இந்த மலையில் சங்குக்கு என்ன வேலை?

திருவிதாங்கூர் கொண்டுவந்த சங்கு அது. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். பெருமாள் பெயரால் நடந்த ஆட்சிக்குப் பெருமாள் கைச் சங்கே முத்திரை; காசிலும் அதுதான், 1888இல் வந்த முதல் அஞ்சல் தலையிலும் அதுதான். ஏலமலை அந்த ராஜ்யத்தில் இருந்தது. 1956இல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனபோது சங்கும் மலையிலேயே தங்கிவிட்டது.

சங்குப்பூச்சி நம் மன்னார் வளைகுடாவில் மணலுக்குள் புதைந்து, புழுக்களைத் தின்று வாழும் நத்தை இனம். முத்திரையில் இருப்பது அதில் அரிதான வலம்புரி. இங்கே ஒரு வேடிக்கை: விலங்கியலார் அதை இடஞ்சுழி என்பார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள்; வாய் இடப்பக்கம் தெரியும். நாம் தலைகீழாகப் பிடிக்கிறோம். வாய் வலப்பக்கம் வந்துவிடுகிறது. சங்கு ஒன்றுதான், பிடிக்கிற கை வேறு.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அமெரிக்கக் கரையில் இயல்பாகவே இடஞ்சுழியாக வளரும் வேறொரு சங்கினம் உண்டு. அதையும் வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரிமடிப்புகள் இருந்தால் நம்மூர்ச் சங்கு. வழவழவென்றிருந்தால் வந்த சங்கு.

ஐரோப்பாவிலும் ஒரு கடற்கூடு இப்படிச் சின்னமாக உயர்ந்தது. ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் கிறிஸ்தவப் புனிதர் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்துபோனவர்கள், விசிறிபோல் விரிந்த சிப்பியைத் தொப்பியிலும் அங்கியிலும் குத்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். போய்வந்ததற்கு அதுவே சாட்சி. பிறகு பிரபுக்களின் கேடயங்களிலும் அது ஏறியது. அங்கே நடந்தவர்களிடமிருந்து பிரபுக்களுக்குப் போன சின்னம். இங்கே சாமி கையிலிருந்து ராஜாவுக்கு வந்தது.

அதே சந்தியாகப்பருக்கு இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. ஜூலையில் திருவிழா. சங்கு விளையும் கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.