பழைய கூட்டத்தில் புதுக்கோழி சேர்க்கும் முறை

நமது கிராமங்களில் புறக்கடைக் கோழி வளர்ப்புப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. பத்துப் பன்னிரண்டு கோழிகள் இருக்குமாயின், முட்டை விற்ற காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், வீட்டு மருந்துச் செலவிற்கும், நல்ல நாளில் ஒரு புடவைக்கும் உதவும். இவ்வளவு பயன் தரும் கூட்டம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைவது இயல்பே. கீரியும் பருந்தும் சிலவற்றைக் கொண்டுபோகின்றன. முட்டை குறைந்த கிழக்கோழிகள் விற்கப்படுகின்றன. குறைந்த எண்ணிக்கையை ஈடுசெய்ய, வாரச் சந்தையில் இரண்டு மூன்று கோழிகளை வாங்கிவந்து, அன்று மாலையே பழைய கோழிகளுடன் கூண்டில் அடைத்துவிடுவது பலருடைய வழக்கம்.

இவ்வழக்கத்தினால் விளையும் நட்டம் இருவகைப்பட்டது. முதலாவது, புதுக்கோழி தன்னோடு நோயைக் கொண்டுவருவது. இரண்டாவது, பழைய கோழிகள் புதியவற்றை ஏற்காமல் கொத்திக் காயப்படுத்துவது. முன்னதைத் தடுக்கத் தனிமையும், பின்னதைத் தடுக்கப் படிப்படியான பழக்கமும் வேண்டும். இரண்டிற்கும் பெருஞ்செலவு இல்லை. ஐந்தாறு வாரப் பொறுமையே முதல்.

நோய் வரும் வழி

கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் நோய்களில் தலையாயது வெள்ளைக்கழிச்சல். 1926 ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. 1928 இல் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் காணப்பட்டமையால், நம் நாட்டில் இதற்கு ராணிக்கேத் நோய் என்ற பெயரும் வழங்குகிறது. வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், வாய்திறந்து மூச்சுவாங்குதல், கழுத்துத் திருகல், கால் இறக்கைகள் செயலற்றுப் போதல் ஆகியவை இதன் குறிகள். தடுப்பூசி போடப்படாத கூட்டத்தில் இது புகுமானால் பத்தில் ஒன்று தப்புவதே அரிது. நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்தும் இதற்கில்லை.

இந்நோயின் கிருமி உடலில் புகுந்தபின் குறிகள் வெளிப்பட இரண்டு முதல் பதினைந்து நாட்கள் வரை ஆகலாம். ஆகவே, சந்தையில் கொண்டை சிவந்து சுறுசுறுப்பாகத் தோன்றிய கோழி ஒரு வாரங்கழித்துச் சோர்ந்து விழுவதில் வியப்பில்லை. சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் நெருக்கியடைக்கப்படுகின்றன. ஒன்றன் நோய் மற்றொன்றுக்கு எளிதில் தொற்றிவிடும். தடுப்பூசி போட்ட கோழியும், தான் நோயுறாமலே, கிருமியை எச்சத்தின் வழியே வெளிப்படுத்தக்கூடும். நாட்பட்ட சுவாச நோய் போன்றவற்றிலிருந்து பிழைத்த கோழிகளோ பார்வைக்கு நலமாயிருந்தும் பல மாதங்கள் நோயைச் சுமந்து திரிவதுண்டு. கோழிப்பேன், கால் செதில்களைத் தூக்கிச் சொரசொரப்பாக்கும் சிற்றுண்ணி, குடற்புழு ஆகியவையும் புதுக்கோழியோடு வீட்டிற்குள் வருகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கூடுமானவரை சந்தையைத் தவிர்த்து, தெரிந்த வீட்டில் அல்லது அரசுக் கோழிப் பண்ணையில் வாங்குவது நலம். எங்கு வாங்கினும் கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். கண் தெளிவாகவும் மூக்குத் துளை உலர்ந்தும் இருத்தல் வேண்டும். மார்பெலும்பின் இருபுறமும் தசை பற்றியிருக்க வேண்டும். காதருகே பிடித்து மூச்சைக் கேட்டால் கரகரப்பு இருத்தலாகாது. எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளில் எச்சம் ஒட்டியிருந்தால் அக்கோழி வேண்டாம். அவ்விடத்திலும் இறக்கையின் அடியிலும் இறகைப் பிரித்துப் பார்த்தால் பேன் இருப்பது தெரியும்.

ஒரே ஒரு கோழியை வாங்குவது தவறு. பழைய கூட்டத்தின் பகை முழுவதும் அந்த ஒன்றின் மேலேயே விழும். இரண்டு மூன்றாக, பழைய கோழிகளின் உருவத்திற்கு ஒத்தவையாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பெருவிடைக் கோழிகள் உள்ள கூட்டத்தில் இளஞ்சிறுவிடைகளை விடுவதும், வளர்ந்த கோழிகளிடையே நான்கு வாரக் குஞ்சுகளை விடுவதும் கேடாய் முடியும். குஞ்சுகளை மூன்று நான்கு மாதம் தனியே வளர்த்து, உருவம் ஒத்தபின் சேர்ப்பதே முறை. திட்டங்களின் வழியாக இளங்குஞ்சுகளைப் பெறுவோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முப்பது நாள் தனிமை

வாங்கிய கோழிகளை முப்பது நாட்கள் தனியே வைத்தல் இன்றியமையாதது. இதற்குத் தனிக் கொட்டகை தேவையில்லை. மாட்டுத் தொழுவத்தின் ஒரு மூலையிலோ, மரத்தடியிலோ மூங்கிற் பஞ்சாரமும் நிழலும் இருந்தாற் போதும். ஆனால் பழைய கோழிகள் மேயும் இடத்திலிருந்து நாற்பது அடியாவது விலகியிருத்தல் வேண்டும். அந்த இடத்திற்குப் பழைய கோழிகள் வராதபடி முள்வேலி வைக்கலாம். இரவில் நாய், கீரி அணுகாத பத்திரமான கூண்டும் தேவை.

தீனியும் தண்ணீரும் வைக்கும்போது பழைய கோழிகளை முதலிலும் புதியவற்றைப் பின்னரும் கவனித்தல் வேண்டும். இவ்வரிசை மாறினால் தனிமையின் பயன் பாதி போய்விடும். கையிலும் காலிலும் ஒட்டிய எச்சமே நோயைச் சுமந்து செல்லும். புதியவற்றிற்கெனத் தனித் தட்டும் தனித் தண்ணீர்ச் சட்டியும் வைத்து, வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

முதல் வாரத்தில் இடம் மாறிய களைப்பு நீங்கட்டும். இடம் மாறியதால் முட்டை இரண்டு மூன்று வாரம் நின்றுபோவதும் உண்டு. அதனைக் கண்டு, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அதன்பின் கால்நடை மருந்தகத்தில் ஆலோசனை கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கலாம். நலமாயிருக்கும் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. உடலில் எதிர்ப்புச் சக்தி நன்கு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பழைய கூட்டத்திற்கும் முன்னதாகவே தடுப்பூசி போடப்பட்டிருத்தல் அவசியம். பழைய கோழிகளிடமிருந்து புதியவற்றிற்கு நோய் வருவதும் நிகழக்கூடியதே.

தனிமையின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு சோதனை செய்யலாம். பழைய கூட்டத்திலிருந்து மதிப்புக் குறைந்த ஒரு கோழியை எடுத்துப் புதியவற்றோடு விட வேண்டும். அது நோயுறாமல் இருந்தால், கூட்டம் முழுவதையும் சேர்ப்பதில் அச்சம் குறைவு. நோயுற்றால், நட்டம் ஒரு கோழியோடு நின்றுவிடும், எஞ்சியவை தப்பும்.

கூட்டத்தின் ஒழுங்கு

கோழிக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உண்டு. முதற்படியில் உள்ள கோழி எதனையும் கொத்தலாம். அதனை எதுவும் கொத்தாது. கடைப்படியில் உள்ளது எல்லாவற்றிற்கும் ஒதுங்கிப் போகும். நார்வே நாட்டின் ஷெல்டெரூப் எபே என்பவர் சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து வந்து, இவ்வொழுங்கைப் பற்றி 1922 இல் விரிவாக எழுதினார். தீனித் தட்டில் எது முன்னே வரும், எது விலகும் என்பதை நம் வீட்டுப் பெண்களும் நன்கறிவர்.

இவ்வொழுங்கு நிலைத்துவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. கோழிகள் அமைதியாக மேய்ந்து முட்டையிடும். புதுக்கோழி நுழைந்ததும் ஒவ்வொரு கோழியின் படியும் மீண்டும் தீர்மானிக்கப்பட வேண்டியதாகிறது. ஆகவே சிறிது துரத்தலும் கொத்தலும் இருந்தே தீரும். இரத்தம் சிந்தாமலும் எந்தக் கோழியும் பட்டினி கிடவாமலும் அது நடந்து முடியுமாறு செய்வதே வளர்ப்போர் வேலை.

வேலிக்கு இருபுறமும்

முப்பது நாள் கழிந்ததும், புதுக்கோழிகளின் பஞ்சாரத்தைப் பழைய கோழிகள் மேயும் முற்றத்திற்குக் கொண்டுவர வேண்டும். கம்பி வலை அல்லது மூங்கிற் தட்டியால் தடுத்த இடமும் இதற்கேற்றது. ஒன்றையொன்று காணலாம்; கொத்த இயலாது. வலையின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால், பகையின்றி இரை தின்னும் பழக்கம் ஏற்படும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இவ்வாறு இருக்கட்டும். வலைக்கருகில் வந்து சிலிர்த்துக்கொண்டு பாய்வது நின்றபின் அடுத்த படிக்குச் செல்லலாம்.

பின்னர், மாலையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் திறந்த வெளியில் ஒன்றாக மேயவிட வேண்டும். பரந்த இடத்தில் ஓடித் தப்ப வழியுண்டு. குறுகிய கூண்டில் அது இல்லை. வைக்கோற் போர், விறகுக் குவியல், வாழைக் கட்டை போன்ற மறைவுகள் இருத்தல் நலம். ஆயினும் ஒருபுறம் அடைத்த மூலை ஆபத்தானது. துரத்தப்பட்ட கோழி அதில் சிக்கிக்கொள்ளும். தீனியை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று நான்கு இடங்களிலும், தண்ணீரை இரண்டு இடங்களிலும், ஆறடி இடைவெளிக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும். கட்டித் தொங்கவிட்ட கீரைக் கட்டு, கிளறுவதற்கு ஒரு குப்பைக் குவியல் ஆகியவை கோழிகளின் கவனத்தைச் சண்டையிலிருந்து திருப்பும்.

மேய்ச்சலில் அமைதி கண்டபின், இருட்டிய பிறகு புதுக்கோழிகளைப் பழைய கூண்டிற்குள் மெதுவாகக் கொண்டுபோய் வைக்கலாம். கோழிக்கு இருட்டில் பார்வை மங்கும். ஆதலால் அப்போது சண்டை எழாது. விடிந்ததும் காலதாமதமின்றிக் கூண்டைத் திறந்துவிட வேண்டும். கூண்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடமும், ஏறி அமரும் கழியில் எட்டு அங்குலமும், நான்கைந்து கோழிகளுக்கு ஒரு முட்டையிடும் கூடையும் இருத்தல் வேண்டும். இடமில்லாத கூண்டில் எத்தனை முறைகளைக் கையாண்டாலும் அமைதி ஏற்படாது.

கவனிப்பு

முதல் வாரத்தில் ஒவ்வொரு நாளும் அடையும் நேரத்தில் புதுக்கோழிகளின் இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தடியில் அது உருண்டு நிரம்பியிருந்தால் கோழி நன்றாகத் தின்றிருக்கிறது. காலியாயிருந்தால் பழையவை அதனைத் தட்டினருகே அண்டவிடவில்லை என்பது பொருள். அத்தகைய கோழியைத் தனியே எடுத்துத் தீனி கொடுக்க வேண்டும்.

இரத்தம் கசியும் காயம் கண்டவுடன் அக்கோழியை அகற்றிவிட வேண்டும். சிவப்பு நிறத்தைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்திக் கொன்றுவிடும். காயத்தைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறியபின் சேர்க்கலாம். ஒரே ஒரு பழைய கோழி மட்டும் ஓயாமல் துரத்துமானால், அதனைப் பிடித்து நான்கைந்து நாள் வேறிடத்தில் அடைத்துவைப்பது கைகண்ட முறை. அது திரும்பி வரும்போது தானே புதியதாகிவிடுகிறது. அதன் கொட்டமும் அடங்கும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் புதிய ஒழுங்கு நிலைபெறும்.

அடைக்கோழியின் உதவி

கூட்டத்தைப் பெருக்க மிக எளிய வழி அடைக்கோழியே. நல்ல இனக் கோழியின் கருமுட்டைகளை வாங்கி வீட்டு அடைக்கோழிக்கு வைத்தால் 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சுகள் தாயின் காவலில் அக்கூட்டத்திலேயே வளர்வதால் அந்நியமாகக் கருதப்படுவதில்லை. முட்டையின் வழியே பரவும் நோய்கள் சில உண்டாதலால், நோயற்ற கூட்டத்து முட்டையையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயினும் சந்தைக் கோழியினால் வரும் ஆபத்தைவிட இது மிகக் குறைவு. ஓரிரு நாள் வயதுள்ள குஞ்சுகள் கிடைத்தால், தன் குஞ்சுகளை அப்போதுதான் பொரித்த தாயின் இறக்கைக்கடியில் இரவில் செருகிவிடலாம். விடிந்தபின் தாய் அவற்றைக் கொத்தாமல் ஏற்கிறதா என்று அருகிலிருந்து பார்த்தல் அவசியம்.

பஞ்சாயத்தின் கடமை

புறக்கடைக் கோழிக்கு வேலியில்லை. ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக் குப்பையைக் கிளறும். தெரு முழுவதும் ஒரே கூட்டமெனலாம். ஆகவே ஒருவர் அவசரப்பட்டுக் கூண்டில் விட்ட சந்தைக்கோழி, நான்கு வீடு தள்ளி முட்டைக் காசையே நம்பியிருக்கும் ஒரு விதவையின் கோழிகளையும் சாகடிக்கலாம். இது காரணமாகவே இவ்விஷயத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அக்கறை கொள்ளுதல் வேண்டும்.

கால்நடை பராமரிப்புத் துறையினர் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களில் ஊரிலுள்ள கோழிகள் அனைத்தையும் கொண்டுவரச் செய்தல் முதற்பணி. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். தெருவார் ஒன்றுகூடி ஒரே விடியற்காலையில் போட்டுக்கொண்டால் மருந்தும் வீணாகாது, ஒரு கூண்டும் விடுபடாது.

செத்த கோழிகளைக் குளத்திலோ தெருவோரத்திலோ எறிவதை நிறுத்தி, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துதல் வேண்டும். நோய் கண்ட வீட்டார் மீதிக் கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவதே பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவும் வழி. அதனைக் கிராம சபையில் எடுத்துரைத்துத் தடுக்கலாம். ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென மடிந்தால், வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். பறவைக் காய்ச்சல் 2006 இல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல் இவ்வெச்சரிக்கை மேலும் அவசியமாகியுள்ளது.

புதுக்கோழி வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பஞ்சாரமும் முப்பது நாள் பொறுமையும் இருக்குமாயின், கூண்டுகள் ஒரே வாரத்தில் காலியாகும் துயரம் பெரும்பாலும் நீங்கும். உறுப்பினர்கள் தத்தம் வீட்டுக் கோழிகளிலிருந்தே இம்முறையைத் தொடங்கி ஊராருக்கு வழிகாட்டுவார்களாக.