தனக்குத்தானே எதிராளி

சொன்னதைத்தானே கணினி செய்யும்? பிறகு, ஐபிஎம் பொறியாளர் ஆர்தர் சாமுவேல் எழுதிய, செக்கர்ஸ் என்ற பலகை விளையாட்டை ஆடும் நிரல் அவரைவிட நன்றாக ஆடியது எப்படி?

ஆட்டத்தைக் கடைசிவரை அலசிப் பார்க்க 1950களின் கணினிகளுக்குத் திராணி இல்லை. எனவே நிரல் சில நகர்வுகள் மட்டும் முன்னோக்கிப் பார்த்து, அங்கே வரும் காய்நிலைக்கு மதிப்பெண் போட்டது. காய்கள் யாரிடம் அதிகம், நடுக்கட்டங்கள் யார் பிடியில் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. அந்த எடையை யார் தீர்மானிப்பது?

இங்கேதான் சாமுவேலின் சாமர்த்தியம். ஆல்ஃபா, பீட்டா என நிரலின் இரண்டு பிரதிகளை மோதவிட்டார். ஆட்டத்தின்போது பீட்டாவின் எடைகள் மாறாது. ஆல்ஃபாவோ, பார்த்த மாத்திரத்தில் போட்ட மதிப்பெண்ணையும் முன்னோக்கிப் பார்த்தபின் கிடைத்ததையும் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் எடைகளைத் திருத்தும். ஆல்ஃபா ஜெயித்தால் அதன் எடைகள் பீட்டாவுக்குப் போகும். மறுபடி ஆட்டம். பயிற்சிக்கு மனித எதிராளியே தேவையில்லை! 1956இல் இந்த நிரல் தொலைக்காட்சியிலும் ஆடிக்காட்டியது. 1959இல் ஆய்வுக் கட்டுரை வந்தது.

1997இல் உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என வென்ற ஐபிஎம்மின் டீப் புளூ கணினியோ பெரும்பாலும் வேகத்தை நம்பியது: நொடிக்குச் சுமார் 20 கோடி காய்நிலைகள். அதன் மதிப்பீட்டு விதிகளில் பெரும்பகுதி மனிதர்கள் கையால் சரிசெய்தவை. உலகம் கைதட்டியது இதற்குத்தான். ஆனால் 2017இல் தன்னோடு தானே ஆடி சதுரங்கம் கற்ற டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ நிரலுக்கு டீப் புளூவைவிட நெருங்கிய முன்னோடி சாமுவேலின் நிரல்தான்.